கஸ்பாரின் கூறு

பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், டீச்சர். கீழே வைத்தால் நனைந்துவிடும். படகில் ஓட்டை எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். அலை அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். பலகையின் நடுவில் உட்காருங்கள். ஆங், அப்படித்தான். இனி ஒன்றரை மணி நேரம் நானும் நீங்களும் கடலும்தான்.

என் பெயர் மோட்சக்கண். சாளைத்தீவுக்கு யார் வந்தாலும் இந்தப் பலகையில் உட்கார்ந்துதான் வரவேண்டும். ஊசி போடுகிற நர்சம்மா, ஓட்டுப்பெட்டி, திருவிழாவுக்கு வருகிற சாமியார், எல்லாம் என் படகுதான். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தானே? பையில் நோட்டுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றனவே, அதைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். சிரிக்கிறீர்கள். சரி, சரி. காற்றில் வாயைத் திறந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். நீங்கள் பேச வேண்டாம். நான் பேசுகிறேன்.

இறங்குவதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும். கித்தேரி என்று ஒருத்தி இருக்கிறாள். கடல்பாசி எடுக்கிறவள், விரல் பூராவும் துணி சுற்றியிருப்பாள். தீவுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். ‘மத்த நாலு பேரு யாரு?’ இதுதான் கேள்வி. சண்டை போடமாட்டாள், அழமாட்டாள். கேட்டுவிட்டு நிற்பாள். பழைய டீச்சர் இதைத் தாங்கமுடியாமல்தான் ஆறே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தீவில் யாரும் அவளுக்குப் பதில் சொல்வதில்லை.

அவள் புருஷன் கஸ்பாரை ஐந்து பேர் அடித்துக் கொன்றார்கள். ஜெயிலுக்குப் போனது ஒருவன். அவன் என் அண்ணன் மகன் தொம்மை. மிச்சம் நாலு பேர். அந்தக் கணக்கைத்தான் கேட்கிறாள்.

அவளால் என் வாழ்க்கை போயிற்று, டீச்சர். அதை யாரும் கேட்பதில்லை. இருபத்தாறு வருஷம் நான் கூறு வைத்தவன்.

கூறு என்றால் தெரியும்தானே? வலையில் வந்த மீனை வள்ளத்தில் போன ஆட்களுக்குப் பங்கு பிரித்துக் குவிப்பது. ஆறு பேர் போனால் ஆறு ஓலைத்துண்டு, ஆறு குவியல். சும்மா அள்ளிப்போட முடியாது. பெரியது, சிறியது, நசுங்கியது, எல்லாம் எல்லோருக்கும் சமமாகப் போகவேண்டும். நான் வைத்த கூறைப் பார்த்து இது சின்னது என்று ஒருவன்கூடச் சொன்னதில்லை. எங்கள் தீவில் இன்னொரு வழக்கமும் உண்டு. உயிரோடு இருக்கிறவன் கூறில் மீனின் தலை வீட்டைப் பார்த்து இருக்கும். ஏனென்றால் அவன் வீட்டுக்குப் போகிறவன். இறந்துபோனவனுக்கும் முப்பது நாள் கூறு உண்டு. முப்பதாம் நாள் பூசை முடிகிறவரை அவன் பங்கை வள்ளம் கொடுக்கவேண்டும். அந்தக் கூறில் தலை கடலைப் பார்த்து இருக்கும். பொம்பளைகள் தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். இன்றைக்கு யார் வீட்டில் துக்கம் என்று வாய் திறந்து சொல்லவே வேண்டாம்.

நல்ல வழக்கம்தானே? அதுதான் என்னைக் கெடுத்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே வாடைக்காற்று மாதம். அப்போது நான் காலையில் ராயப்பன் சம்மாட்டி வள்ளத்தில் மீனுக்குப் போவேன், மத்தியானம் இந்தப் படகை ஓட்டுவேன். சம்மாட்டி என்றால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அந்த வருஷம் மீன் இல்லை. அதனால் அட்டை எடுத்தோம். கடல் அட்டை. அதைத் தொடக்கூடாது என்று சர்க்கார் சட்டம். ஆனால் கடலுக்கு அடியில் சும்மா கிடக்கிறதை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். தீவிலிருந்து ஒரு மணி தூரத்தில் நடுத்திட்டு என்று ஒரு மணல்மேடு. அங்கே தகர டிரம் வைத்து அவித்துக் காயப்போடுவோம். நாற்பத்தொரு வீட்டுக்கும் தெரியும். வெளி ஆள் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் வனத்துறைப் படகு வந்தது. சுற்றித் தேடவில்லை, டீச்சர். கோடு போட்டதுபோல நேராக நடுத்திட்டுக்கே வந்தது. டிரம்மை எடுத்தார்கள், மூன்று வள்ளத்தைப் பிடித்தார்கள். ராயப்பனின் தம்பியையும் இன்னொருவனையும் விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். தம்பியின் பெண்டாட்டிக்கு அப்போது நிறைமாதம். கரையில் விழுந்து புரண்டாள். பிள்ளை தங்கவில்லை.

யார் சொல்லியிருப்பார்கள்? தீவு பூராவும் அதுதான் பேச்சு. நான்கூட ராத்திரி பூராவும் யோசித்தேன். அதற்கு முந்தின ஏழு நாளில் தீவை விட்டு அக்கரைக்குப் போனவன் ஒருவன்தான். கஸ்பார். ஒரே வாரத்தில் இரண்டு தடவை போயிருந்தான். இரண்டு தடவையும் நான்தான் கூட்டிப்போனேன். ராயப்பன் கேட்டபோது மறைக்காமல் சொன்னேன். பொய் சொல்வது என் பழக்கம் இல்லை.

அந்த வாரம் தீவுக்கு வந்த வெளி ஆளும் ஒருவர்தான். கண்ணாடி போட்டவர், பறவைகளைப் படம் எடுக்கிறவர். கழுத்தில் பெரிய கேமரா. அவரும் உங்களைப் போலத்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். எங்கள் கஷ்டத்தைச் சொன்னேன், உச்சுக்கொட்டினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ‘அவிக்கிற புகை கரைக்குத் தெரியாதா?’ ‘நடுத்திட்டில் அவித்தால் எப்படித் தெரியும்’ என்று நானும் சொன்னேன். கஸ்பார் போல ஊரைக் காட்டிக்கொடுக்கிறவனும் இருக்கிறான், இப்படி ஊர் கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற அயலானும் இருக்கிறார். இதைச் சொல்லத்தான் அவர் பேச்சை எடுத்தேன்.

ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். வலையை இழுத்து முடித்துவிட்டுத் திரும்பினோம். ராயப்பன் சுக்கானைத் திருப்பி வள்ளத்தை நடுத்திட்டுக்கு விட்டார். வள்ளத்தில் ஆறு பேர். ராயப்பன், லாசர், சிலுவை, தொம்மை, நான், கஸ்பார். திட்டில் வள்ளம் தட்டியதும் ‘இறங்கு’ என்றார். கஸ்பார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் குதித்தான். நண்டு பிடிக்கலாம் என்று நினைத்திருப்பான். அவன் அப்படித்தான், வெள்ளந்தி.

ராயப்பன் ஒரு தடவைதான் கேட்டார்.

“அக்கரைக்கு ரெண்டு தடவை எதுக்குடா போன?”

“பல்லு பிடுங்க, சம்மாட்டி.”

“ஒரு பல்லப் பிடுங்க ரெண்டு தடவையா?”

“மொதத் தடவை வீங்கியிருக்குன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. திங்கக்கிழமைதான் பிடுங்கினாரு. இந்தா பாருங்க.”

வாயைத் திறந்து காட்டினான். வலது பக்கம், மேலே. ஓட்டை இருந்தது, அதை நான் மறைக்கமாட்டேன். உள்ளே இன்னும் சிவப்பாக இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். திறந்த வாயிலேயே லாசர் கட்டையால் அடித்தான். சுறா வலையில் வந்தால் மண்டையில் போடுவோமே, அந்தக் கட்டை. அதற்கப்புறம் எந்தப் பல்லை டாக்டர் பிடுங்கினார், எது லாசர் பிடுங்கியது என்று யார் கண்டது?

அவன் விழவில்லை. ஓடினான். திட்டில் எங்கே ஓடுவது? நாலு பக்கமும் தண்ணீர். முழங்கால் தண்ணீர்வரை ஓடினான். சிலுவை முடியைப் பிடித்து இழுத்துவந்தான். வாயிலிருந்து ரத்தம் சாரத்தில் வடிந்தது. மறுபடியும் ‘பல்லு, பல்லு’ என்றுதான் சொன்னான். அது பல்லு என்றே கேட்கவில்லை. உதடு கிழிந்தவன் பேசினால் எப்படி இருக்கும்? லாசர் முதுகில் போட்டான். ராயப்பன் வயிற்றில் மிதித்தார். தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லி மிதித்தார். கஸ்பார் துள்ளிக்கொண்டே இருந்தான். ‘மோட்சம், காலைப் பிடி’ என்றார் ராயப்பன்.

நான் அடிக்கவில்லை, டீச்சர். இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு அடிகூட என் கையால் விழவில்லை. காலைப் பிடித்தேன், அவ்வளவுதான். அதுகூட அவனுக்காகத்தான். துள்ளினால் அடி படக்கூடாத இடத்தில் பட்டுவிடும். இரண்டு கணுக்காலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். பிடித்தால் விடாத கை இது. “அண்ணே, காலை விடுண்ணே” என்றான். எப்போதும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். மரியாதை தெரிந்தவன்.

தொம்மையிடம் கட்டையைக் கொடுத்தார்கள். எல்லோரும் அடித்தால்தான் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று ராயப்பன் சொன்னார். அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி. அது தோளில் பட்டு மணலில் இறங்கியது. கட்டையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தான். அதற்கு அப்புறமும் கஸ்பார் கால் கொஞ்ச நேரம் உதறிக்கொண்டிருந்தது. பிறகு மீன் அடங்குவதுபோல அடங்கியது. முதலில் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். பிடித்திருந்த எனக்குத்தான் அது தெரியும். ‘முடிந்தது’ என்று நான்தான் சொன்னேன்.

நங்கூரக் கல்லைக் கட்டித் தண்ணீரில் விட்டோம். புதுக் கயிறு கையில் இருந்தது. பழையதே போதும் என்றார் ராயப்பன். அவர் எப்போதும் அப்படித்தான், ஒரு பொருளை வீணாக்கமாட்டார். மணலில் கிடந்த ரத்தத்தை அலை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாங்களும் கையைக் கழுவிக்கொண்டு வள்ளத்தில் ஏறினோம். மீன் வெயிலில் கிடந்தது, வாடக்கூடாதே.

கரையில் கேட்டால் என்ன சொல்வது? சிலுவைதான் சொன்னான், பல்வலி என்று அக்கரையில் இறங்கிக்கொண்டான் என்று சொல்லலாம். அவன் வாயாலேயே சொன்ன காரணம்தானே, எல்லோரும் நம்புவார்கள். கித்தேரியிடம் நான் போய்ச் சொன்னேன். அவள் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தாள். “பல்லைத்தான் திங்கக்கிழமையே பிடுங்கியாச்சே” என்றாள். “அப்ப இன்னொரு பல்லா இருக்கும்” என்றேன்.

மறுநாள் வியாழன். அன்றைக்கு நல்ல சாளை வந்திருந்தது. ஊருக்குப் போனவனுக்கும், உடம்பு முடியாதவனுக்கும் கூறு உண்டு, அதனால் ஆறு ஓலை. தொம்மை ஓலையை விரித்துக்கொண்டே போனான், நான் மீனை அடுக்கிக்கொண்டே போனேன். என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, டீச்சர். அதற்குப் புத்தி சொல்லத் தேவையே இல்லை. இருபத்தாறு வருஷமாக உயிரோடு இருப்பவனுக்கு இப்படி, இறந்தவனுக்கு அப்படி என்று பழகின கை. கித்தேரி வந்து நின்றாள். தன் புருஷன் ஓலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அடுத்த கூறில் ஒரு மீன் குறைந்தது, அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் ஓலையை இரண்டு கையாலும் தூக்கினாள். கொஞ்சமும் சாயாமல், கும்பிட்டுச் சுமக்கிற மாதிரி, வீடுவரை கொண்டுபோனாள்.

அவள் போன பிறகுதான் தொம்மை என் காதில் சொன்னான். “சித்தப்பா, கஸ்பாருக்குக் கடலப் பார்த்து வச்சிட்டீங்க.”

கஸ்பார் செத்தது அன்றைக்கு வரை எங்கள் ஐந்து பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் பெண்டாட்டிக்குச் சொன்னது என் கை.

சனிக்கிழமை பழைய கயிறு அறுந்தது. தீவின் கிழக்குக் கரையில் பாசி எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் முதலில் பார்த்தார்கள். கணுக்காலில் கயிற்றுத் துண்டு, முகம் இல்லை. மீன் தின்றது பாதி, லாசர் தின்றது பாதி. கித்தேரி தன் விரலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்து அவன் வாயைக் கட்டினாள். நான் அங்கே நின்றேன். ஓடிப்போய்ச் சாக்கு எடுத்துவந்ததே நான்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்லசிவம் என்று பெயர். பெரிய மீசை, ஆனால் படகில் ஏறினால் பச்சைப்பிள்ளை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, இதே பலகையில் ஒன்பது நாள் போக வர உட்கார்ந்தார். கூட்டிப்போனது நான். காலையில் கூட்டிவருவேன், சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன்.

நாற்பத்தொரு வீட்டிலும் விசாரித்தார். கித்தேரி வீட்டைத் தவிர நாற்பது வீட்டிலும் ஒரே பதில். பல்வலி, அக்கரையில் இறங்கினான், அப்புறம் தெரியாது. ஏழு வயசுப் பிள்ளையும் அதையே சொன்னது. “ஏன்யா மோட்சம், உங்க ஊர்ல எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துலயா படிச்சீங்க?” என்று கேட்டார். “ஒரே பள்ளிக்கூடம்தான் ஐயா இருக்கு” என்றேன். வாந்திக்கு நடுவிலும் சிரித்தார். நல்ல மனிதர். அவருக்குக் களைப்புத் தெரியக்கூடாது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவேன். அலை எப்படி வரும், எந்த மீன் எப்போது வரும், எல்லாம் சொல்வேன்.

ஏழாம் நாள் சாயங்காலம். திடீரென்று கேட்டார்.

“அந்தப் பொம்பள வீட்டுக் கூரையில ஒரு ஓலையில கருவாடு காயுது. எல்லாத் தலையும் கடலப் பார்த்து இருக்கு. திருப்பிப் போடவும் விடமாட்டேங்குது. என்னன்னு கேட்டா, வியாழக்கிழமை வந்த கூறுங்குது. அது என்னய்யா கணக்கு?”

எங்கள் வழக்கத்தைப் பற்றி ஒரு வெளி மனிதர், அதுவும் அதிகாரி, இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. உங்களுக்குச் சொன்னதுபோலவே விளக்கமாகச் சொன்னேன். வீட்டைப் பார்த்தால் உயிர், கடலைப் பார்த்தால் சாவு, முப்பது நாள், பூசை, எல்லாம். அவர் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். நோட்டை எடுத்தார்.

“பிரேதம் கெடச்சது சனிக்கிழமை. வியாழக்கிழமையே சாவுக் கூறு வச்சது யாரு?”

அப்போதுதான் எனக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அதுவும் கழுத்தளவு.

நான் பொய் சொல்லவில்லை, டீச்சர். ‘தொம்மை ஓலை விரித்தான்’ என்றேன். அது உண்மைதானே? அவன்தானே விரித்தான்? ‘அப்ப தொம்மைதான் வச்சானா?’ என்று கேட்டார். நான் என்ஜினைப் பார்த்தேன். அது ஒரு மாதிரி சத்தம் போட்டது, அதைக் கவனிக்க வேண்டியிருந்தது. அவர் எழுதிக்கொண்டார். அவர் எழுதினதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

மறுநாள் வள்ளத்து ஆட்கள் ஐந்து பேரையும் கோயில் முற்றத்தில் உட்காரவைத்தார். யார் கூறு வைத்தது என்று கேட்டார். தொம்மை என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வீட்டில் நான்கு பெண்பிள்ளைகள் எனக்கு, அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. இதை நான் வாயால் சொல்லவில்லை. அவனாகவே புரிந்துகொண்டான், புத்திசாலிப் பையன். “நான்தான் வச்சேன். நான் ஒருத்தன்தான் அடிச்சேன்” என்று எழுந்தான். ஒரு ஆள் தனியாக அடித்து, கல்லைக் கட்டி, வள்ளத்தில் ஏற்றி, இதெல்லாம் நடக்குமா என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதா? தெரியும். ஸ்டேஷனில் வைத்து நாலு நாள் கேட்டார். தொம்மையின் நகம் இரண்டு போனது என்று சொன்னார்கள். அவன் வேறு பெயர் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை. மதுரை ஜெயில்.

கோர்ட்டில் ஒரு வேடிக்கை. அட்டை பிடித்த கேஸ் விவரத்தைச் சொல்ல வனத்துறை அதிகாரி ஒருவர் சாட்சிக்கு வந்திருந்தார். ‘எங்களுக்குத் தகவல் கொடுத்தது இந்தக் கஸ்பார் இல்லை, அவரை எங்களுக்குத் தெரியவே தெரியாது’ என்று சத்தியம் செய்தார். அந்த அதிகாரியை எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது எனக்கு. அதே கண்ணாடி. வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார். கண்ணாடி போட்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர், எல்லோரையும் ஞாபகம் வைக்க முடியுமா?

இப்போது தீவு என்னை எப்படி நடத்துகிறது தெரியுமா? ‘உன் கை மீன்ல படவேணாம்’ என்று ராயப்பன் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷ வேலை, ஒரு வார்த்தையில் போயிற்று. அண்ணன் என்னோடு பேசுவதில்லை, கூறு என் கையைவிட்டுப் போன அவமானம் அவருக்கும் இருக்கும். வரப்போகிற அந்தோணியார் திருவிழாவில் சபையைக் கூட்டிக் கேட்கப்போகிறேன். நான் என்ன தப்புச் செய்தேன்? கை பழக்கத்தில் ஒரு தடவை தவறியது, அவ்வளவுதானே?

எல்லாம் இந்தக் கித்தேரியால். அந்த மீனைக் குழம்பு வைத்துத் தின்றிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். தின்னாமல் கூரையில் போட்டாள். ஒருவன் ஜெயிலுக்குப் போனதும் விட்டாளா? மூன்று வருஷமாக அலைகிறாள். தினமும் விடியலில் ஒரு வீட்டு வாசலில் ஒரே ஒரு சாளை மீனை வைப்பாள், தலை கடலைப் பார்த்து. நாளைக்கு அடுத்த வீடு. கதவைத் திறக்கிறவன் முகத்தைத் தெருவில் நின்று பார்ப்பாள். இரண்டாம் சுற்று வந்தபோது லாசர் தீவைவிட்டே போய்விட்டான், கேரளாவில் ஏதோ வேலை. சிலுவை விடிந்ததுமே குடிக்க உட்கார்ந்துவிடுகிறான். ராயப்பன் கடல் பக்கத்துக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

மற்ற முப்பத்தொன்பது வீட்டு வாசலிலும் வைத்திருக்கிறாள். என் வாசலில் மட்டும் ஒரு நாளும் வைத்ததில்லை. என் படகுப் பக்கமும் வரமாட்டாள். போன மாதம் கண்ணுக்கு வைத்தியம் என்று அக்கரைக்குப் போனாள், அப்போதுகூட மாதம் ஒரு தடவை அரிசி கொண்டுவருகிற ரேஷன் படகில்தான் போனாள். என்ன இருந்தாலும் என்மேல் ஒரு மரியாதை இருக்கிறது, பாருங்கள். அன்றைக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்ததை மறக்கவில்லை.

அதோ, சிலுவைக் கம்பம் தெரிகிறதா? அதுதான் எங்கள் தீவு. நேரம் போனதே தெரியவில்லை. இதையெல்லாம் நான் தீவில் யாரிடமும் பேசமுடியாது. இங்கே பேசினால் கடல் மட்டும்தான் கேட்கும். நீங்களும் நன்றாகக் கேட்டீர்கள். அந்தக் கேமராக்காரருக்கு அப்புறம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் நீங்கள்தான். நடுநடுவே ஏதோ எழுதிக்கொண்டீர்களே, பாடக் குறிப்பா?

என்ஜினை நிறுத்துகிறேன். இனி அலையே தள்ளிக்கொண்டு போய்விடும். எழுந்திருக்காதீர்கள், தட்டின பிறகு இறங்கலாம்.

இது என்ன புதுசாக? கித்தேரி வருகிறாள். தொடையளவு தண்ணீரில் இறங்கி, நேரே நம்மிடம். மூன்று வருஷத்தில் இந்தப் படகைத் தொட்டதில்லை இவள்.

“வந்துட்டீங்களா, வக்கீலம்மா? அலை அதிகமா?”

வக்கீலம்மாவா? இல்லை, கித்தேரி, இவர் பள்ளிக்கூடத்துக்கு வந்த டீச்சர். நீங்களே சொல்லுங்கள், டீச்சர். எந்த வகுப்பு என்று சொல்லுங்கள்.

“எல்லாம் சொன்னாரா?”

எதைச் சொன்னேனா என்று கேட்கிறாள்? நீங்கள் ஏன் எழுந்து தலையாட்டுகிறீர்கள்? அந்த நோட்டை ஏன் அவள் கையில் கொடுக்கிறீர்கள், டீச்சர்? நனைந்துவிடும். நான் அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களா? அதைத்தான் முதலில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். காலைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

இடுப்பில் கட்டிய ஓலைப்பெட்டியிலிருந்து என்னவோ எடுக்கிறாள். மீன். ஒற்றைச் சாளை. எனக்கா? என் பலகையில் வைக்கிறாள், பாருங்கள், நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில். நல்ல மீன்தான், இன்றைக்குப் பிடித்தது, செவுள் சிவப்பாக இருக்கிறது. ஆனால் மாற்றி வைத்துவிட்டாள். எனக்கு வைக்கிற மீனுக்குத் தலை கரையைப் பார்த்து இருக்கவேண்டும். நான் உயிரோடுதானே இருக்கிறேன்?

இருங்கள், நானே திருப்பி வைக்கிறேன். ஒரு நொடி வேலை. இருபத்தாறு வருஷம் வைத்த கை.

கை எழமாட்டேன் என்கிறது, டீச்சர். நீங்களாவது கொஞ்சம் திருப்பி வையுங்கள்.